நூற்றறுபது ராத்தல்

நான் சொல்லும் காலத்தில் ராமநாதபுரம் கடற்கரை முழுவதையும் சலித்து எடுத்தாலும் நடு எடைக் குத்துச்சண்டைக்காரர்கள் இரண்டரைப் பேர்தான் தேறுவார்கள். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராத்தல் என்றால் பவுண்டு; நூற்றறுபது ராத்தலுக்குள் இருப்பவன் நடு எடை. ஒரு ராத்தல் கூடினாலும் மேல் வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே நிற்கிறவன் ஒவ்வொருவனும் நிலைப்படியில் குனிந்து நுழைகிற ஆள்.

இரண்டரையில் அந்த அரை, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மூட்டை ஏற்றிய ஒருவன். கை பட்டால் இடிதான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டாவது ரவுண்டு முடிவதற்குள் மூச்சு வாங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்ப்பா, வயிறு பசிக்குது" என்று இறங்கிப் போய்விடுவான். அவனை அரை என்று சொல்வதே என் தாராளம். ஒரு முழு ஆள், ராமநாதபுரத்தில் ஆயுதப்படைப் போலீஸ்காரர். கடலாடிப் பக்கத்தில் விவசாயம் செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. அவர் சண்டை போடுவதை இரண்டு தடவை சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறேன். அவருடைய இடது கை வருவது கண்ணுக்குத் தெரியாது, எதிராளியின் தாடை திரும்புவதுதான் தெரியும். இன்னொரு முழு ஆள் நான். இதை நானே சொல்வது அழகில்லைதான். ஆனால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

நான் கற்றது கொழும்பில். பதினாறு வயதில் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனேன். கடையின் பின்சந்தில் ஒரு குத்துச்சண்டைச் சங்கம் இருந்தது. பகலெல்லாம் துணி கிழித்துவிட்டு, சாயங்காலமானால் அங்கே போய் மூக்குடைபட்டு வருவேன். நடு எடையில் மட்டும் அங்கே ஒன்பது பேர் இருந்தோம். சுவரில் ஒரு கரும்பலகை. மாதம் ஒருமுறை, ஒன்றிலிருந்து ஒன்பது வரை யார் யார் என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவார்கள். ஒன்பதாவதில் தொடங்கியவன், பத்து வருஷத்தில் மூன்றாவதுக்கு ஏறினேன். இரண்டாவது ஆளோடு எனக்குச் சண்டை குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, இங்கே தங்குவதற்கான பர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தியாக்காரனெல்லாம் மூட்டையைக் கட்டு என்ற காலம். தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினேன்.

ஊரில் வந்து விழுந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பலகையில் என் பெயரை எவன் அழித்திருப்பான், கையால் அழித்தானா, துணியால் அழித்தானா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் கடற்கரைக்கும் நடந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். யாராவது பக்கத்தில் வந்து நின்றால், தலையை ஒதுக்கி, தோளை இறக்கி, அவனுக்கு எந்த இடத்தில் கொடுக்கலாம் என்று பார்ப்பேன். என் வாப்பாவின் தம்பி ஒருநாள் இதைக் கவனித்துவிட்டு, "ஏலே, என்னையவே அளக்குறியா? இவனுக்கு ஒரு கால்கட்டைப் போடுங்க. அப்பத்தான் ஒரு இடத்துல நிப்பான்" என்றார். போட்டுவிட்டார்கள்.

பெண் வாலிநோக்கத்தில். எங்கள் கடற்கரைக் குடும்பங்களில் பெண் புகுந்த வீட்டுக்கு வருவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். அந்த வீட்டில் என் மனைவியும் அவள் உம்மாவும் மட்டும். மாமனார், மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது பினாங்குக்குப் போனவர். யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. இருக்கிறாரா, மவுத்தாகிவிட்டாரா என்று யாருக்கும் தெரியாது. மாமி கழுத்திலிருந்து, கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் கழற்றவில்லை. உப்பளத்திலிருந்து கட்டுக் கட்டாகக் கிழிந்த சாக்குகள் வீட்டுக்கு வரும்; அம்மாவும் மகளும் கோணி ஊசியால் தைத்துக் கொடுப்பார்கள். அதில்தான் வீடு ஓடியது. நான் தெருமுனையில் ஒரு வாடகை சைக்கிள் கடை போட்டேன்.

மாமி என் முன்னால் வரமாட்டார். அடுப்படி வாசலில் ஒரு திரை தொங்கும், அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு அகப்பை வை." "அந்தக் கறித்துண்டை ஏன் ஒதுக்குறாக, உப்பு கூடிப்போச்சாமா?" ஆளைப் பார்த்தால் சண்டை போடலாம், குரலோடு எப்படிச் சண்டை போடுவது? புது மாப்பிள்ளை பெண் வீட்டில் சோற்றை ஒதுக்கினால், 'என்ன குறை கண்டாரோ' என்று தெருவே பேசும். மூன்றாவது நாளே பள்ளிவாசல் மோதினார் என் கடைக்கு வந்து சிரித்தார். "மாப்பிள்ளை வந்ததுலேருந்து அந்த வீட்டுலேருந்து எனக்குத் தெனமும் வார சோறு நின்னு போச்சு. எல்லாத்தையும் நீங்களே அடிச்சிருறீகளா?" நானும் சிரித்தேன். அந்தப் பேச்சை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணமாகி இரண்டாவது வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கொழும்பில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் எழுதியிருந்தார். மாகாணப் போட்டி வரப்போகிறது, ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒவ்வொரு எடைக்கும் ஒருவன் வரலாம், நீ வந்து நன்றாக ஆடினால் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிற குழுவில் சேர்த்துக்கொள்கிறேன் என்று. எனக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. குத்துச்சண்டையில் இருபத்தெட்டு என்பது மத்தியானம் மூன்று மணி. இதை விட்டால் இனிமேல் கிடையாது. மூன்று மாதத்தில் மாவட்டப் போட்டி; அதில் நான் அடிக்க வேண்டியது அந்தப் போலீஸ்காரர் ஒருவரைத்தான்.

கடிதத்தை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். குதிக்காத குறை. "மெட்ராஸ், அப்புறம் பினாங்கு. ஆறே மாசம். சுருக்கா வந்துருவேன்."

அவள் சாக்கை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். "எங்க வாப்பாவும் பினாங்குக்குத்தான் போனாக" என்றாள்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, எந்தப் பாதையில் ஓடலாம், எத்தனை மைல் ஓடலாம் என்று நான் திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். என்னுடைய மூளை அவ்வளவுதான். அடி வந்தால் கண்டுபிடிக்கும், சொல் வந்தால் கண்டுபிடிக்காது.

எடை பார்க்க ஒரு தராசு வேண்டும். ஒரு முழு மனிதனை நிறுக்கிற தராசு அந்த வட்டாரத்தில் உப்பளத்தில்தான் இருந்தது. மூன்று மரக்கால்களை முக்காலியாகக் கட்டி, அதில் தொங்கவிட்ட பெரிய இரும்புத் தராசு. ஒரு பக்கம் உப்பு மூட்டை வைக்கும் பலகை, மறுபக்கம் எடைக்கல் வைக்கும் பலகை. தராசுக்காரர் உப்பில் வெந்து போன மனிதர். நான் விஷயத்தைச் சொன்னதும் வாயெல்லாம் சிரிப்பு.

"ஏறி நில்லுங்க மாப்ள. உப்பா இருந்தா என்ன, உசுரா இருந்தா என்ன, எந் தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

நூற்றைம்பத்து நாலு காட்டியது. எனக்கு நம்ப முடியவில்லை. கொழும்பை விட்டுக் கிளம்பும்போது சரியாக நூற்றறுபது இருந்தேன். கவலையிலும் அலைச்சலிலும் ஆறு ராத்தல் இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். நடு எடைக்காரனுக்கு இதைவிடச் சந்தோஷம் உண்டா? சண்டைக்கு மூன்று மாதம் முன்னால் கால்வயிறு கஞ்சியோடு காய்கிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கோ ஆறு ராத்தல் தின்னுவதற்கு இடம் இருந்தது.

வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஊசி நின்றது.

"நூத்தி அம்பத்தி நாலா? உப்பளத்துத் தராசுலயா?"

"பின்ன? இங்கன வேற எங்க இருக்கு தராசு?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "அப்ப நல்லாச் சாப்புடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சாப்பிட்டேன். அடடா, அந்த மூன்று மாதச் சாப்பாடு! காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலில் மிதக்கும் ஆட்டுக்கறியும். மத்தியானம் மீன் ஆணம், வெள்ளிக்கிழமை என்றால் நெய்ச்சோறு. ஒரு தட்டு முடிந்தால் திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு தட்டு. இரண்டாவது தட்டு முதல் தட்டுக்கு ஒரு பருக்கை குறையாது. விடிகிற நேரத்தில் உப்புப் பாத்திகளின் வரப்பிலேயே ஓடுவேன். வரப்பில் கால் தவறினால் உப்புத் தண்ணீரில் விழ வேண்டும், அதனால் கால் தானாக நேர்வழிக்கு வந்தது. குத்திப் பழக மணல் மூட்டை கேட்டேன். என் மனைவி பழைய சாக்கு இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, கல் உப்பை அடைத்துத் தைத்துக் கொடுத்தாள். கொல்லைப் பூவரச மரத்தில் கட்டினேன். வெயிலில் காய்ந்தால் அது சுவர். கடற்காற்று அடித்தால் கசிந்து, கையெல்லாம் உப்பு நீர். விரல் மூட்டில் கீறல் இருந்தால் உயிர் போகும்.

அவள் தையலில் ஒரு வழக்கம் இருந்தது. நாலு தையலுக்கு ஒரு முடிச்சுப் போடுவாள், பட்டாணி அளவுக்கு. மாமியின் தையலில் அது கிடையாது. இழுக்க இழுக்கப் பிரியக் கூடாது என்று அவளே கண்டுபிடித்த முடிச்சு. அந்த முடிச்சுகள் கையுறையைத் தாண்டி என் விரல் மூட்டுகளைப் பதம் பார்த்தன.

"என்னடி இது, மூட்டைக்கு நான் குத்துறனா, மூட்டை எனக்குக் குத்துதா?" என்று கத்துவேன்.

"பிரிஞ்சு கொட்டுனா யாரு அள்ளுறது?" என்பாள்.

வாரம் ஒருமுறை உப்பளத்துக்குப் போவேன். நூற்றைம்பத்தைந்து. நூற்றைம்பத்தேழு. நூற்றைம்பத்தெட்டரை. தராசுக்காரருக்கு என் எடை சொந்த விவகாரமாகிவிட்டது. போட்டிக்கு முந்தின நாள் ஏறினேன். நூற்றறுபது. முள் அசையவில்லை. "பிடிச்சு வச்ச மாதிரி நிக்குது மாப்ள! போயி அந்தப் போலீஸைப் படுக்க வச்சிட்டு வாங்க" என்று முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை முதல் பஸ். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மனைவி வாசல்வரை வந்தாள். ஜெயித்துவிட்டு வாங்க என்று சொல்லுவாள் என்று பார்த்தேன். "பார்த்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

ராமநாதபுரத்தில் ஒரு மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். எடை பார்க்க மேசைக்குப் பக்கத்தில் ஒரு மேடைத் தராசு. போலீஸ்காரர் ஏறினார்: நூற்றைம்பத்தொன்பது. இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க பாய். ரெண்டு வருசமா வருவீக வருவீகன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்." நான் ஏறினேன்.

"நூற்றறுபத்தாறு" என்றார் எடை பார்த்தவர்.

நான் சிரித்தேன். "சரியாப் பாருங்க சார்." மறுபடி பார்த்தார். நூற்றறுபத்தாறு. சட்டையைக் கழற்றினேன், கைலியைக் கழற்றினேன், கோவணத்தோடு நின்றேன். நூற்றறுபத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை.

போலீஸ்காரர்தான் முன்னால் வந்தார். "சார், சண்டை சாயங்காலந்தான? ஒரு மணி நேரம் குடுங்க. பாய் ஓடிக் குறைச்சிட்டு வரட்டும்." சொன்னதோடு நிற்கவில்லை. தன்னுடைய கம்பளியைக் கொண்டுவந்து, என் மேல் சுற்றி, கழுத்தில் முடிச்சும் போட்டுவிட்டார். ஓடினேன். கம்பளிக்குள் வெந்துகொண்டு, எச்சிலைத் துப்பித் துப்பி, அந்த மைதானத்தை எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. கடைசி நாலைந்து சுற்று அவரும் என்னோடு ஓடிவந்தார். "விடாதீக, விடாதீக" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

திரும்ப ஏறியபோது நூற்றறுபத்து மூன்று. நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். சண்டையே போடாமல் அவர் ஜெயித்ததாக எழுதிக்கொண்டார்கள்.

அப்போது நான் பேசினேன். பேசாமல் வந்திருக்கலாம். நேற்று உப்பளத்தில் முள் அசையாமல் நின்றது என் கண்ணிலேயே இருந்தது. வாலிநோக்கம் தராசு பொய் சொல்லாது. அப்படியானால் பொய் சொன்னது எது?

"தராசுல கைய வச்சிட்டீங்க" என்று போலீஸ்காரரைப் பார்த்துக் கத்தினேன். "என்னோட நிக்கப் பயம். அதான் தராசுல வேலையக் காட்டிட்டு, கம்பளியக் குடுத்து நாடகம் போடுறீங்க. ஆம்பளையா நீங்க?"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நான் கீழே வீசிய கம்பளியை எடுத்து, மண்ணைத் தட்டி, நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியான பஸ்ஸில் திரும்பினேன். உட்கார முடியாமல் படியிலேயே தொங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. நேராக உப்பளம். தராசுக்காரரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மறுநாளே ராமநாதபுரம் போவது, எல்லார் முன்னிலையிலும் அந்தப் பொய்த் தராசை உடைப்பது. அதுதான் திட்டம்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "நிறுங்க" என்று ஏறி நின்றேன். நூற்றைம்பத்தேழு காட்டியது.

"பாத்தீகளா!" என்று குதித்தேன். "நூத்தி அம்பத்தேழு! அங்கன நூத்தி அறுவத்தி மூணுன்னு சொல்றான். களவாணிப் பயலுக!"

தராசுக்காரர் என்னையும் எடைக்கல் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ரெண்டும் சரிதான மாப்ள. இது கல்லோட சேத்து."

"எந்தக் கல்லு?"

அவர் குனிந்து எடைக்கல் பலகையை லேசாகத் தூக்கிக் காட்டினார். பலகைக்கு அடியில், சாக்குத் துணியில் சுற்றித் தைத்த ஒரு கல், கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஈரத்துக்கும் சாக்குக்கும் கட்டுற கல்லு. பாத்தியிலேருந்து வார உப்பு ஈரமாத்தான வரும்? லாரி கடலாடி தாண்டுறதுக்குள்ள தண்ணி வடிஞ்சிரும். அந்த வடியிற தண்ணிக்கும் சாக்குக்கும் சேத்து ஆறு ராத்தல் கழிக்கணும்ல? அதுக்குத்தான் இது, எதை வச்சாலும் ஆறு ராத்தல் குறைச்சுக் காட்டும். மாசியில கட்டுனா சீசன் முடிஞ்சுதான் அவுப்போம். எல்லா உப்பளத்துலயும் உண்டு. ஏன் மாப்ள, உங்களுக்குத் தெரியாதா?"

"நான் என்ன உப்பா? என்னை நிறுக்கும்போது அவுத்திருக்க வேணாமா?"

"நீங்க அவுக்கச் சொல்லலியே" என்றார் அந்த மனிதர். முகத்தில் ஒரு சூதும் இல்லை. "அவுக்குற கல்லா அது? அது தராசுல ஒரு உறுப்பு."

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. போலீஸ்காரர் கம்பளியைத் தட்டி மடித்த விதம் கண்முன்னால் வந்தது. வெட்கத்தில் உடம்பு எரிந்தது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு ஆறு மாதம் ஆனது. அதற்குள் அவர் மெட்ராஸ் போய், இரண்டாவது சண்டையில் அடிபட்டு, மூக்குத்தண்டு வளைந்து திரும்பியிருந்தார். "அடி வாங்கிப் பழகுன ஆளுக்கு வார்த்தையா வலிக்கும், விடுங்க பாய்" என்றார். மூக்கைத் தடவிக்கொண்டே, "ஆனா வலிச்சுச்சு" என்றார். நாங்கள் இருவரும் கடைசிவரை ஒரு ரவுண்டுகூட மோதவில்லை. யார் பெரியவன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று உப்பளத்தில் நான் அந்தக் கல்லைக் கயிற்றிலிருந்து அறுத்தேன். தராசுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினார். கல் என் கைக்கு வந்ததும், கட்டைவிரல் எதன்மேலோ இடித்தது. ஒரு முடிச்சு. தடவினேன். நாலு தையல் தள்ளி இன்னொரு முடிச்சு. மூன்று மாதமாக என் விரல் மூட்டுகளைக் கிழித்த முடிச்சு அது, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள் போய்க் கல்லை அவள் முன்னால் போட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"இதைத் தச்சது நீதானே?"

"நாந்தான். மாசியில."

"எதுக்குக் கட்டுற கல்லுன்னு தெரியுமா?"

"எட்டு வயசுலேருந்து வருசா வருசம் தைக்கிறேன். தெரியாதா?"

"அன்னைக்கு நான் வந்து சொன்னப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

அவள் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "சொன்னா நீங்க போயிருப்பீக."

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதக் கூசுகிறது. ஒரு மனிதனின் வாழ்க்கையையே சாக்கில் போட்டுத் தைத்துவிட்டாயே என்றேன். ஊர் முன்னால் என்னைத் திருடன் மாதிரி நிறுத்திவிட்டாயே என்றேன். என் கை முறுக்கிக்கொண்டு நின்றது. அவள் அதைப் பார்த்தாள்.

"அடிக்கணும்னா அடிங்க" என்றாள். "போயிட்டு வாரேன்னு மட்டும் சொல்லாதீங்க. இந்த வீட்டுல அதை ஒரு தடவை கேட்டாச்சு."

"சொல்ல மாட்டேன். போறேன்னே சொல்றேன். நாளைக்கு மத்தியான பஸ்" என்று சொல்லிவிட்டு, சைக்கிள் கடைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். போட்டி இல்லாவிட்டால் என்ன, மெட்ராஸுக்கு நேரே போய், கடிதம் எழுதிய பயிற்சிக்காரர் காலில் விழுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் பஸ்ஸுக்கு அரைமணி முன்னால் பெட்டியை எடுக்க வீட்டுக்கு வந்தேன். பெட்டி, துணிமணி மடித்து அடுக்கியபடி தயாராக இருந்தது. அவள்தான் அடுக்கியிருக்கிறாள். அடுப்படித் திரை ஒதுங்கியிருந்தது. மாமி ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் மனைவி உலை வைத்துவிட்டு, பானையிலிருந்து தேங்காய்ச் சிரட்டையால் அரிசி அளந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு சிரட்டை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

போகிற நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ரெண்டு பேருக்கு எதுக்கு நாலு செரட்டை?"

"ஒண்ணு உம்மாவுக்கு. ஒண்ணு எனக்கு." அரிசியில் தண்ணீர் விட்டுக் களைந்தபடியே சொன்னாள். "மூணாவது வாப்பாவுக்கு. அவுக போன அன்னையிலேருந்து உம்மா ஒரு நாளும் விட்டதில்ல. நோம்புலகூட விட்டதில்ல. மீந்ததைப் பள்ளிவாசலுக்குக் குடுத்து விட்டுருவோம். நீங்க வந்தப்புறம், அதையும் சேத்து உங்களுக்கே வைக்க ஆரம்பிச்சிட்டா."

அந்த இரண்டாவது தட்டு. பினாங்குக்குப் போனவரின் சோற்றைத்தான் மூன்று மாதமாக நான் தின்றுகொண்டிருந்தேன்.

"நாலாவது?" என்றேன்.

"உங்களுக்கு."

"நாந்தான் போறேன்னு சொல்லியாச்சே."

"கேட்டுச்சு" என்றாள். களைந்த அரிசியை உலையில் போட்டாள். "இனிமே பள்ளிவாசலுக்கு ரெண்டு ஆளுச் சோறு போகும்."

மாமி சுவரைப் பார்த்தபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டருக்கு என்னைத் தெரியும், இரண்டாவது தடவையும் அடிக்கச் சொன்னான். நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். முழங்கால் வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியைக் கீழே வைத்தேன். உலை கொதித்து, வடித்து, ஆணம் இறங்கும் வரையில் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி தட்டை வைத்தாள். முதல் தட்டை முடித்தேன். இரண்டாவது தட்டும் வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக மாமி திரையை விட்டு வெளியே வந்து, எதிரே நின்று, நான் அதையும் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.